மடி இறங்கும் வரை

“மடியில கொழந்தை இருக்கறப்பக் கூலி பேசாதீங்க கண்ணு” என்று மாராத்தாக்கா சொன்னபோது பதினைந்து என்ற சொல்லில் பாதி என் வாயைவிட்டு வெளியே வந்திருந்தது. மீதியை விழுங்கினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டி, அந்தக் கால்களுக்கு நடுவில் விழும் பள்ளத்தில் என் மகனைக் குப்புறக் கிடத்தியிருக்கிறாள். அவன் முதுகில் எண்ணெய் மினுங்குகிறது. “வெலை பேசுனாப்ல ஆயிரும். எறக்கிட்டுப் பேசிக்கலாம், நா எங்க ஓடிப்போறேன்” என்கிறாள். எங்கே ஓடிப்போகிறேன் என்று சும்மா சொன்னாளா, தெரிந்து சொன்னாளா. மூன்றாவது வீதியில் டாக்டர் வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் தேடுகிறார்கள், ஒரே குழந்தை, பதினாறாயிரம், மாராத்தாவைத்தான் கேட்டிருக்கிறார்கள், நாளைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று துணி தேய்க்கிற சரசு நேற்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நாளை இன்றுதான். என் கணவன் பரணியிடம் சொன்னேன். “இப்ப பன்னெண்டு குடுக்கறோம். ரெண்டாவதுக்கு மூணு சேர்த்துப் பதினஞ்சுன்னு சொல்லு. ரெண்டாவது குழந்தைக்கு யாரும் முழுசாத் தர்றதில்ல, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்” என்றான். நீயே சொல்லேன் என்றேன். “நீதான வீட்டுல இருக்கற, நீ சொன்னாத்தான் மரியாதையா இருக்கும்.” அந்த மரியாதைக்கு நேரம் பார்த்துக் காத்திருந்து, நாள் முழுக்க ஓரிடத்தில் நில்லாத இந்த மனுஷி எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே பொழுது குழந்தை குளிக்கும் பொழுதுதான் என்று கண்டுபிடித்து, காப்பி டம்ளரோடு வந்து படியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். அவள் எழுந்துபோக முடியாத அந்த ஒரு பொழுதில்தான் அவளிடம் அதைப் பேசவும் முடியாது என்று எனக்கு எப்படித் தெரியும். இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் சம்பளம் பேசியதே இல்லை. முதல்முறை பரணி கேட்டுக்கு வெளியே நின்று பேசினான். அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி கவரில் கொஞ்சம் கூட்டி வைத்துக் கொடுத்தோம், அவள் பிரித்துப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் போகணித் தண்ணீர் விழுகிறது. அடுப்பில் காய்ச்சி, பச்சைத்தண்ணீர் விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்த தண்ணீர். இந்த வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் உப்புத் தண்ணீர் எப்போதும் வரும், இன்னொன்றில் சிறுவாணித் தண்ணீர் அது நினைத்தபோது வரும். நாங்கள் குடிக்கப் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரை ஒரு பெரிய போசி நிறைய எடுத்துக் காய்ச்சிவிடுகிறாள், பரணி முதல்நாள் முணுமுணுத்தான், அப்புறம் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தான். தண்ணீர் குழந்தையின் பிடரியில் விழுந்து முதுகெலும்பின் நடுவில் வாய்க்கால் பிடித்து ஓடுகிறது. அவன் அழவில்லை. அதைத்தான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும் புதிதாக இருக்கிறது. மூத்தவள் ஆதிரை குளிக்கும்போது தெருவுக்கே தெரியும், எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். இவன் தண்ணீர் பட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டு கேட்கிறவனைப்போல ஆகிவிடுகிறான். எதைக் கேட்கிறான். தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு சாணளவு தூரம்கூட இல்லை, அந்தத் தூரத்தைத் தண்ணீர் கடப்பதை முழுக்கக் கேட்கிறான். நான் வேலை பார்க்கும் ஆலையில் பம்புக்குள் சுற்றும் சக்கரங்கள் ஒரே அச்சில் வார்த்து வருகின்றன, அளந்து பார்த்துச் சரி என்றோ கழிவு என்றோ சாக்பீசால் குறிப்பது என் வேலை. ஒரே அச்சில் வந்தது ஒன்றுபோல இருக்க வேண்டும், மயிரிழை விலகினால் எனக்குத் தெரிந்துவிடும். இவனும் அவளும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள். அவளுக்குக் காது மடல் ஒட்டியிருக்கிறது, இவனுக்குத் தொங்குகிறது. அவள் வந்தபோது கோபமாக வந்தாள். இவன், தான் முன்பே ஒருமுறை வந்துபோன இடத்துக்கு வந்தவனைப்போல நிதானமாகச் சுற்றும் பார்த்தான். எனக்குள் இப்படி இரண்டு பேர் இருந்தார்கள் என்று எனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் பஸ் பிடித்து வேலைக்குப் போய்வந்திருக்கிறேன். இதற்கு எந்த அளவுகோலை வைப்பது. மூன்று சேர்த்துப் பதினைந்து என்று அந்த அளவுகோல் சொல்கிறது.

கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும் அவள் கூடையில் போன் அடிக்கிறது. நான் கூடையைப் பார்க்கிறேன், அவள் பார்க்கவில்லை. “அடிக்குதுக்கா.” “அடிக்கட்டும். கையெல்லாம் எண்ணெ.” அடித்து நின்றது. டாக்டரம்மாவாகத்தான் இருக்கும். அவர்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும், அந்த அம்மா கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டே ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு நிற்பாளா, அவளும் என்னைப்போலத்தான், அவளுக்கும் வேலைக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம் என் லீவு முடிகிறது. இனி நீட்டிக்க முடியாது என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள், இதமாகத்தான் சொன்னார்கள், என் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பையன் நன்றாகப் பார்க்கிறான் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அம்மா வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று போய்விட்டாள். மாராத்தாக்கா போனால் என் வேலை போகிறது, அது கூட்டல் கழித்தல்போலத் தெளிவாக இருக்கிறது. தெளிவாக இல்லாதது வேறு. அவள் போனால் இவனை யார் குளிப்பாட்டுவது என்று நினைத்தவுடன் உள்ளங்கை வேர்க்கிறது. நான் இவனைக் குளிப்பாட்டியதில்லை, ஆதிரையையும் குளிப்பாட்டியதில்லை, கையில் பிடிக்கும் அளவு அவள் வளர்ந்து, நின்றுகொண்டு குளிக்க ஆரம்பித்த பிறகு தண்ணீர் மொண்டு ஊற்றியதோடு சரி. எண்ணெய் தடவிய குழந்தையை நினைத்தாலே அது நழுவுகிறது. எங்கே நழுவுகிறது, தரையில் விழுவதில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி கண்ணை மூடினால் விழுந்துகொண்டே இருக்கும் அதைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டுகிறேன், இவன் வந்த பிறகு இன்னொன்றும் விழுகிறது, கை இரண்டுதான்.

“ஆதிரை, தள்ளி உக்காரு பாப்பா, தண்ணி தெறிக்கும்” என்கிறேன். இன்று பள்ளிக்கூடம் இல்லை, சனிக்கிழமை. அவள் பின்கதவு வாசற்படிக்கு உள்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், கொஞ்சம் பின்னால் நகர்ந்து, மறுபடி முன்னால் நகர்ந்துகொள்கிறாள். இந்த ஒரு மாதமாக இப்படித்தான், சொன்னதைச் செய்துவிட்டு உடனே அழித்துவிடுகிறாள். படுக்கையை நனைக்கிறாள். விட்டு ஒழித்திருந்த பால்புட்டியை அலமாரிக்கு மேலிருந்து ஸ்டூல் போட்டு எடுத்துவந்து அதில்தான் குடிப்பேன் என்றாள், அடம் பிடித்தால் அடி விழும் என்று பரணி சொன்னதும் மாராத்தாக்காவின் சேலைக்குள் போய்ப் புகுந்துகொண்டாள். கெட்டிக்காரி, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், மழலையில் பேசுகிறாள். சரியாகிவிடும் என்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடும், லீவு முடிந்துவிடும், பல் முளைத்துவிடும். இரண்டாவது குழந்தைக்கு யாரும் முழுசாகத் தருவதில்லை. வயிற்றில் இவன் இருந்தபோது ராத்திரிகளில் எனக்கு இருந்த பயமும் அதுதான், ஆனால் அதை இப்படிச் சொல்ல வரவில்லை. இருப்பதையெல்லாம் அவளிடம் கொடுத்தாகிவிட்டது, வருகிறவனுக்கு மிச்சம் என்ன இருக்கும், சட்டியைச் சுரண்டிப் போடுவதைப்போலப் போட வேண்டுமோ. வந்தான். பார்த்தேன். சுரண்ட வேண்டியிருக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்துகொண்டே இருந்தது, இப்போதும் வருகிறது, பால் கட்டி நைட்டி நனைகிறது, காப்பி ஆறிவிட்டது. இத்தனை வந்ததில் எனக்கு மகிழ்ச்சியைவிட ஒருவிதத் திகைப்புத்தான் அதிகம், கிணறு வெட்டாத இடத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தாற்போல.

மாராத்தாக்கா அவனைப் புரட்டி மல்லாத்துகிறாள். அவள் கெண்டைக்கால்களுக்கு நடுவே தலை, முழங்கால் பக்கம் கால். அவள் கால்களைப் பார்க்கிறேன். முன்னெலும்பின்மேல் தோல் தேய்ந்து பளபளப்பாக இருக்கிறது, ஆற்றுக்கல்லைப்போல. எத்தனை பிள்ளைகள் கிடந்திருக்கும் அதன்மேல். பீளமேட்டில் பாதிப் பேர் அங்கே கிடந்து எழுந்து போனவர்கள்தானோ என்னவோ, ஸ்கூட்டரில் போகிறவர்கள், பேங்கில் டோக்கன் கொடுக்கிறவர்கள், எல்லாரும் ஒருகாலத்தில் ஒரு முழம் நீளமாக இந்தப் பள்ளத்தில் நனைந்துகிடந்தவர்கள். பயறு மாவைக் குழைத்து அவன் கைகளை இழுத்து மார்பின் குறுக்காகப் போடுகிறாள், கால் கட்டைவிரலைக் கொண்டுவந்து நெற்றியில் தொடுகிறாள், அவன் விடுகிறான், உடம்பை இப்படி யாரிடமாவது விட்டுவிட முடியுமா. “என்னடா பாக்கறே, என்ற மூஞ்சில என்ன சினிமாவா ஓடுது?” என்று கேட்கிறாள் அவனிடம். அவன் அவளைத்தான் பார்க்கிறான். பிறகு அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் முருங்கை மரத்தில் அசையும் வெளிச்சத்தைப் பார்க்கிறான். உள்ளங்கையைக் குவித்து அவன் நெற்றியில் அணைபோல வைத்துக்கொண்டு தலைக்கு ஊற்றுகிறாள், ஒரு சொட்டு கண்ணில் படவில்லை. ஈர முடி படிந்ததும் உச்சிக்குழி தெரிகிறது. எலும்பு இன்னும் மூடாத இடம். தோலுக்கு அடியில் அது மேலெழுந்து தாழ்கிறது. என் காப்பி டம்ளர் என் கையில் நின்றுவிட்டது. மூடாமல் வைத்து அனுப்பியிருக்கிறது. எது அனுப்பியது, எந்தத் தைரியத்தில் இப்படித் திறந்தபடி அனுப்பியது. காற்று வீசுகிற, சம்பளம் பேசுகிற, பாத்திரம் விழுகிற இந்த இடத்துக்கு, தலையில் ஒரு கதவைத் திறந்து வைத்தபடி. அது துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நானும் அதன் கணக்கில் மூச்சு விடுகிறேன் என்று தெரிகிறது. கூடையில் போன் மறுபடி அடிக்கிறது. அடிப்பதும் துடிப்பதும் சேர்ந்து போகின்றன, பிரிகின்றன. நான் அதை எடுத்து அணைத்துவிடலாம். எடுத்து, அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிடலாம். எழுந்திருக்கவில்லை. அது தானாக நின்றது.

கடைசிப் போகணி. அதில் தண்ணீர் மொண்டு, அவன் தலையைச் சுற்றி மூன்று முறை கொண்டுவந்து, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, முருங்கை மரத்தடியில் வீசுகிறாள். தண்ணீர் மண்ணில் விழும் சத்தம். அவனை என் பழைய பருத்திச் சேலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள், முழங்கால் இரண்டும் சொடுக்குகின்றன. சாம்பிராணிப் புகையில் தலை காட்டி, கன்னத்தில் மை வைத்து, என்னிடம் தந்து பால் கொடுக்கச் சொல்லி, அவன் பாதியிலேயே தூங்கிப்போனதும் வாங்கிக்கொண்டுபோய்த் தொட்டிலில் போடுகிறாள். இத்தனையும் ஆகும்வரை கூலி காத்திருக்கிறது. பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்பக்கம் வந்து அதே பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, “மடி காலியாயிருச்சு, இப்பச் சொல்லுங்க” என்கிறாள். சொல்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து பதினைந்து, அக்கா, சின்னவனுக்கு மூன்று சேர்த்து. சொல்லும்போது என் குரல் ஆலையில் கழிவு என்று சொல்லும்போது வருகிற குரலாக இருக்கிறது. “டாக்டரம்மா வீட்டுல பதினாறுங்க. ஒண்ணே ஒண்ணு. ரூம்புக்கு ஏசி போட்டிருக்காங்க” என்கிறாள், ஒளிக்காமல், பேரம் பேசுகிறவள் முகத்தோடு. தெரியும் என்றேன். “சரசு சொன்னாளா? அவ வாயிலதான் ஊரு துணியெல்லாம் தேய்க்கறா.” எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றது. “செரி. சின்னவனுக்கு நீங்க சொன்ன மூணே இருக்கட்டும். அவன் என்னத்தக் கண்டான், குடிக்கறான், தூங்கறான், அவனைத் தூக்கறதே தெரியறதில்ல. பெரியவளுக்கு ஒரு மூணு சேத்திக் குடுங்க.” பெரியவளுக்கா. பெரியவளுக்குத்தான் ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோமே, அவளுக்கு என்ன புதிதாக. “ஏனுங் கண்ணு, நீங்க பாக்கறதில்லீங்களா? தம்பி வந்ததுல இருந்து அவ ஒருத்தியா? ஒருத்தி இஸ்கோலு போறவ. இன்னொருத்தி புட்டியக் குடுன்னு அழுவறவ, தூக்கு தூக்குன்னு இடுப்புல ஏர்றவ. நீங்க ராத்திரிக்கு அவ நனைச்ச விரிப்பத்தான பாக்கறீங்க. பகல்ல என்ற கழுத்தக் கட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்கறா. மொதல்ல இருந்து அவளை இன்னொருக்கா வளத்தோணும். கைக்கொழந்தை வந்தது வீட்டுக்கு ஒண்ணு இல்லீங்க, ரெண்டு.”

பதினெட்டு. பரணியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் தானாகச் சொல்கிறது. “ஏனுங், பெத்தது அவரா?” என்கிறாள். பதினெட்டு என்றால் கார் தவணை தள்ளிப்போகும், பரணி பேசாமல் இருப்பான், பேசாமல் இருப்பதைச் சத்தமாகச் செய்வான். அவன் சொன்ன கணக்கில் தப்பில்லை, எல்லாரையும் கேட்டுத்தான் சொன்னான், யாரும் அவனுக்கு இதைச் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை, கண் எதிரில் உட்கார்ந்திருந்ததைத் தவிர. நான் திரும்பி வாசற்படியைப் பார்க்கிறேன். ஆதிரை கால் இரண்டையும் சேர்த்து நீட்டி, ஃபிராக்கை முழங்காலுக்கு மேல் சுருட்டி, பொம்மையைக் கால்களுக்கு நடுவில் குப்புறப் போட்டு, காலிக் கையைக் குவித்து ஒன்றுமில்லாததை மொண்டு மொண்டு அதன் முதுகில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக. முதல் போகணியிலிருந்தா. இப்போது அதை மல்லாத்தி, நெற்றியில் அணைபோலக் கை வைத்து ஊற்றுகிறாள், பொம்மையின் கண்ணில் படாமல். அவள் கழுத்தின் பின்பக்கம், முடி பிரிகிற இடத்தில், ஒரு மச்சம் இருக்கிறது. அது எப்போது வந்தது. “சரிக்கா” என்கிறேன். “பதினெட்டு.” குரல் இப்போது யாருடையது என்று தெரியவில்லை. “தொவைக்கறது எனக்காகாதுங்க, அதையும் சொல்லீர்றேன். பீத்துணி அலசிப் போடுவேன், மித்ததெல்லாம் மிசின்ல போட்டுக்கோங்க. ஞாயித்துக்கெழம கூப்பிடக் கூடாது. நடுவால உங்கம்மா வந்தா எனக்குச் சமையல் சொல்லக் கூடாது, போன தடவ வந்த ஒறம்பறைச் சனத்துக்கெல்லாம் இட்லி ஊத்துனேன்.” சரிக்கா, சரிக்கா. “பரணிசார் முறைப்பாரு.” முறைக்கட்டும்.

போன் மூன்றாம் முறை அடிக்கிறது. அவள் கையை ஊன்றி எழுந்து, “தொட்டிலும் அசையுதாட்ட இருக்குது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகிறாள். கூடையைத் துழாவும் சத்தம். “சொல்லுங்க டாக்டரம்மா… இல்லீங்… அதுக்கில்லீங்… உங்க பிள்ளைக்குப் பல்லு மொளைக்குது, நா கடி வாங்கற வயசத் தாண்டிட்டனுங்க…” தொட்டில் கயிறு கொக்கியில் கிறீச்சிட ஆரம்பிக்கிறது, அவள் பேச்சு அதற்குப் பின்னால் தேய்ந்துபோகிறது. போசியில் கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, ஆவி மெலிதாக ஏறுகிறது. பலகையில் உட்கார்ந்து பார்க்கிறேன், அவள் இருந்த சூடு இன்னும் இருக்கிறது. நைட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுக் காலை நீட்டுகிறேன். என் கால்கள் வெளுப்பாக, யாரும் கிடந்திராதவையாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் நடுவில் அவ்வளவு பள்ளம் இல்லை. ஆதிரை பொம்மையைப் படியில் சாய்த்து வைக்கிறாள். ஃபிராக்கைத் தலைவழியாகக் கழற்றுகிறாள், ஒரு கை மாட்டிக்கொள்கிறது, உதறி எடுக்கிறாள். வந்து, எதுவும் கேட்காமல், என் கால்களின்மேல் குப்புறப் படுக்கிறாள். தாடை என் முழங்காலுக்கு மேல் வந்து தொடையில் பதிகிறது, பாதங்கள் என் பாதங்களைத் தாண்டிச் சாக்கடை விளிம்பு வரை போகின்றன. கனக்கிறாள். முன்னெலும்பு வலிக்கிற அளவு கனம், இவ்வளவு இருக்கிறாளா என்கிற அளவு. முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறேன். அவள் பிடரியில் ஊற்றுகிறேன். உள்ளங்கை வேர்த்திருக்கிறது, ஆனால் எல்லாம் ஈரமாக இருக்கும்போது எது வேர்வை. தண்ணீர் அவள் முதுகின் நடுவில் வாய்க்கால் பிடித்து ஓடுகிறது, நீண்ட தூரம் ஓடுகிறது, இடுப்பில் தேங்கி, திரும்ப வழி கண்டு போகிறது. தெருவுக்கே கேட்க அழுகிறவள் மூச்சுக்கூட விடாமல் கிடக்கிறாள். கேட்கிறாள். மறுபடி ஊற்றுகிறேன், போகணி போசியின் அடியில் உரசும்வரை. உச்சியில் கை வைக்கிறேன். மூடிவிட்டது, எப்போதோ, நான் பார்க்காத ஒரு நாளில். போசியைச் சாய்த்துப் பிடித்துக் கடைசிப் போகணி மொண்டு, அவள் தலையைச் சுற்றி மூன்று முறை கொண்டுவந்து, முருங்கை மரத்தடியில் வீசுகிறேன்.